கருப்பையன் உயிருடன் உள்ளார்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையில் இருக்கிற போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். கவிழ்த்தாலும் அது கேட்டுக்கொண்டுதான் இருக்கும், கேட்டால் கேட்கட்டும். உங்களுக்கு ஒரு கதை தருவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் இது கதை இல்லை. நடந்தது. நடந்த கடைக்குள் நான் போயிருக்கிறேன். அங்கே இருக்கிற சிவப்பு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. யாருக்கு நடந்ததோ அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லும்போது அவள் கை சில்லென்று இருந்தது.

அவள் பெயர் கீர்த்திகா. காரைக்கால் பக்கம் சுரக்குடிக்காரி. வயது முப்பத்தொன்று. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. தினமும் பத்து நிமிடம் வீடியோவில் வருவார், அதில் நான்கு நிமிடம் "கேக்குதா... கேக்குதா..." என்றே போய்விடும். மற்ற நேரமெல்லாம் அவளுக்குத் துணை தலத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் மையம்தான். விண்ணப்பம் போடுவது, சான்றிதழ் எடுப்பது, உதவித்தொகை வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை வந்து விரல் வைத்து, உயிரோடுதான் இருக்கிறேன் என்று பதிவது... இதுதான் அங்கே வேலை. முதலாளி சுந்தரமூர்த்தி சனிக்கிழமை மட்டும் எட்டிப் பார்ப்பார்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் நம் ஜனங்கள் எப்படி இருப்பார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சில பேர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார்கள். குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "அது என்னம்மா சொல்லுது?" என்று குறி கேட்கிற மாதிரி கேட்பார்கள். "சர்வர் இல்லை" என்று சொன்னால் போதும், ஒரு கேள்வி கேட்காமல் எழுந்து போய்விடுவார்கள். இன்றைக்கு அருள் வரவில்லை என்று பூசாரி சொன்னால் கூட இரண்டு கேள்வி கேட்கிற ஜனங்கள். ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அந்தத் திரையின் நெற்றியில் காய்ந்து ஒட்டியே இருக்கும். கீர்த்திகா துடைக்கவில்லை. அது இருந்தால் தனக்குக் கொஞ்சம் துணையாக இருக்கிறது என்பாள்.

அங்கேதான் கருப்பையன் வந்தார்.

கருப்பையன் கிளிஞ்சல்மேட்டுக்காரர். வயது அறுபத்தேழு. விசைப்படகில் முப்பது வருடம் வலை இழுத்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டு நாகராஜ்தான் அவ்வப்போது ஒரு கிண்ணம் குழம்பு கொடுப்பான். முப்பது வருடம் கயிறு உரசி உரசி அவர் விரலில் ரேகையே இல்லை. சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும்.

அந்த மாதிரி விரலுக்குக் கீர்த்திகாவிடம் ஒரு வைத்தியம் உண்டு. மேஜையில் ஒரு சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய் வைத்திருப்பாள். கட்டைவிரலில் ஒரு சொட்டுத் தடவி, தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு மெஷினில் வைக்கச் சொல்வாள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ரேகை விழுந்துவிடும். கருப்பையன் ஒன்பதாவது ஆள்.

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. காலை மணி 11.46. கடையில் கூட்டம். கருப்பையன் ஆறு தடவை விரல் வைத்தார். ஆறு தடவையும் சிவப்பு விளக்கு. சரி, காரணத்தைப் பதிந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடலாம் என்று கீர்த்திகா பட்டியலைத் திறந்தாள். அதில் மூன்று வரி இருக்கும்.

உயிருடன் உள்ளார்.
ரேகை பதியவில்லை.
இறந்துவிட்டார்.

இரண்டாவது வரியைத்தான் அமுக்கினாள். பிறகு பக்கத்தைக் கீழே தள்ள மவுஸின் நடுச் சக்கரத்தை உருட்டினாள். அங்கேதான் தப்பு நடந்தது. அம்பு பட்டியல் மேலேயே நின்றிருந்தால், சக்கரம் உருளும்போது பக்கம் நகராது. தேர்ந்தெடுத்த வரிதான் நகரும். ஒரு பல் உருண்டால் ஒரு வரி.

டிக்.

அவள் பார்க்கவில்லை. சமர்ப்பித்துவிட்டாள். "அடுத்து யாரு?" என்றாள்.

ஏப்ரலில் கருப்பையனுக்கு உதவித்தொகை நின்றது. ஏன் என்று கேட்க வந்தார். கீர்த்திகா பதிவைத் திறந்தாள். இறந்துவிட்டார். பதிந்தவர் எண் அவளுடையது. நேரம் 11.46.

திருத்தலாம். ஆனால், "இது என் தவறு" என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவள் எண்ணை முடக்கிவிடுவார்கள். வேலை போகும். இந்த வேலை இல்லையென்றால் அவள் சுரக்குடி வீட்டில் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் அவள் என்ன சொன்னாள் தெரியுமா...

"மேல இருந்தே அப்டி வந்திருக்குங்கய்யா. கம்ப்யூட்டர் தப்பு. மனு போட்டுடறேன். அடுத்த செவ்வாக்கெழம வாங்க."

மனு போடவில்லை.

அவர் வந்தார். அடுத்த செவ்வாயும் வந்தார். அதற்கடுத்த செவ்வாயும். மூன்று மணி சுமாருக்கு அந்தக் கண்ணாடிக் கதவு தரையில் உரசி, கிரீச் என்று சத்தம் போடும். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுச் சிவப்பு நாற்காலியில் உட்காருவார். கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்பார்.

"என்னப்பா, இன்னைக்கு இருக்கேனா?"

"இன்னும் வரலங்கய்யா."

"வராது பாப்பா. செத்தவன நம்பி அதுக்கு என்ன ஆகப் போவுது?"

சிரிப்பார். அவளும் டீ வாங்கித் தருவாள். "செத்தவனுக்கு டீ வாங்கித் தர்ற ஒரே ஆளு நீதான்" என்பார். போகும்போது அடையாள அட்டையின் ஜெராக்ஸ் ஒன்றை மறக்காமல் கொடுப்பார். அவள் அதை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டு மூடுவாள். முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

முதலில் ஊரில் கேலி செய்தார்களாம். டீக்கடையில், "பொணத்துக்கு எதுக்குய்யா சக்கர?" என்று கேட்டார்களாம். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு கேலியும் நின்றுவிட்டது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் சொன்னார். "பாப்பா, நேத்து கடத்தெருவுல தெரிஞ்ச ஆளுங்க ரெண்டு பேரு எதிர்ல வந்தாங்க. வணக்கம் சொன்னேன். பாக்காமயே போயிட்டாங்க. எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வூட்டுக்குப் போயி கண்ணாடில பாத்தேன்."

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

கீர்த்திகா வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான். "டீ சொல்லட்டுங்களா?" என்று மட்டும் வந்தது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். நேரத்தை நான் அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

நவம்பர் பதினெட்டு. செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. தலத்தெருவில் தண்ணீர் முழங்கால் வரை. 

மணி 2.10. இன்டர்நெட் போனது. பெட்டியில் பச்சை விளக்கு சிவப்பானது. கீர்த்திகா "சர்வர் இல்லை" அட்டையை வெளியே மாட்டினாள்.

மணி 2.52. கரண்ட் போனது. மேகம் மூடி மதியமே அந்தி மாதிரி இருட்டிவிட்டது. மேஜைக்கு அடியில் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

பீப்... பீப்... பீப்...

அது பழைய பெட்டி. பன்னிரண்டு நிமிடம்தான் தாங்கும். மழை விட்டால் கிளம்பலாம் என்று அவள் திரை வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த மழையில் அவர் வரமாட்டார் என்று நினைத்தாள். நினைத்தபோது கொஞ்சம் நிம்மதி. கொஞ்சம் ஏமாற்றம்.

மணி 3.04. பீப் நின்றது.

பீப் நின்றால் பேட்டரி தீர்ந்தது என்று அர்த்தம். திரையும் அணைய வேண்டும்.

அணையவில்லை.

குனிந்து யூபிஎஸ்ஸைப் பார்த்தாள். அதன் விளக்கு செத்திருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு இருக்கேனா பாப்பா?"

நிமிர்ந்தாள். சிவப்பு நாற்காலியில் கருப்பையன்.

கதவு உரசிய சத்தம் கேட்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

"இந்த மழையில ஏன்யா வந்தீங்க?"

"செவ்வாக்கெழமயாச்சே."

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே அவர் செருப்பு இல்லை. தரையில் ஈரக் காலடி இல்லை. அவர் சட்டையைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை. காய்ந்திருந்தது.

"சர்வர் இல்லங்கய்யா. கரண்டும் இல்ல."

"இருக்கும். தொறந்து பாரு."

பார்த்தாள். இன்டர்நெட் பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை. ஆனால் பக்கம் திறந்தது. அவர் பெயர் வந்தது. கருப்பையன். இறந்துவிட்டார். அதற்குக் கீழே கேமரா தானாக விழித்துக்கொண்டது. ஆளைப் படம் எடுக்கிற கேமரா. எதிரில் முகம் இருந்தால் அதைச் சுற்றிப் பச்சைச் சதுரம் போடும்.

சதுரம் போட்டது.

சதுரத்துக்குள் நாற்காலியின் முதுகு இருந்தது. அதற்கு மேலே பின் சுவரில் தொங்குகிற காலண்டர் இருந்தது.

வேறு எதுவும் இல்லை.

கீர்த்திகா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். நாற்காலியில் அவர் இருந்தார். கண்ணைத் திரைக்குக் கொண்டுபோனாள். காலண்டர். பச்சைச் சதுரம் மெல்ல அசைந்தது... அவர் தலையை ஆட்டினால் அசைகிற மாதிரி.

"எண்ணெ தடவலியா பாப்பா?"

வலது கட்டைவிரலை நீட்டினார்.

ஓடியிருக்கலாமே என்று நானும் கேட்டேன். "எந்திரிக்கணும்னுதான் நெனச்சேன். ஆனா அவரு கைய நீட்டிட்டு உக்காந்திருந்தாரு. ஏழு மாசமா நான் அவரப் போங்கன்னு சொல்லாமச் சொல்லிட்டேதான் இருந்தேன். இன்னொரு தடவ முடியல" என்றாள்.

பாட்டிலைத் திறந்தாள். ஒரு சொட்டு. விரலைத் தொட்டாள்.

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது.

தேய்த்தாள். துணியால் துடைக்கக் கை வரவில்லை. துணி கீழே விழுந்தது. அவர் எண்ணெய் விரலையே மெஷினில் வைத்தார்.

பச்சை விளக்கு.

ரேகையின் தெளிவைப் பக்கத்தில் எண்ணில் காட்டும். அவருக்கு அது என்றைக்கும் இருபதைத் தாண்டியதில்லை.

நூறு.

"விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சுங்கய்யா."

"ஒண்ணு கேக்கணும் பாப்பா."

மழைச் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது.

"அன்னைக்கு அமுக்குனது யாரு?"

கம்ப்யூட்டர் தப்பு. மேலிருந்து வந்த தப்பு. அதெல்லாம் அவள் நாக்கு நுனியில் நின்றது. திரையில் பச்சைச் சதுரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான்தான்யா."

அவர் விரலை மெஷினிலிருந்து எடுத்தார்.

"சக்கரம் உருண்டுருச்சுங்கய்யா. பாக்கல. வேலை போயிரும்னு பயந்து... சொல்லல."

"தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வலை இழுக்குற கப்பி சுத்துற சத்தம் கேட்டு முப்பது வருசம் பொழச்சவன். ஒரு பல்லு கூடுதலா உருண்டா எனக்குக் கேக்காதா? அன்னைக்கே கேட்டுச்சு. நீ சொல்லுவன்னுதான் வந்துட்டு இருந்தேன்."

அவள் அழுதாள். மவுஸ் அவள் கையில் இல்லை. மேஜையில் தனியாக இருந்தது.

டிக்.

அவள் அழுகை நின்றது.

மவுஸின் சக்கரம் ஒரு பல் மேலே உருண்டிருந்தது. திரையில்... ரேகை பதியவில்லை.

டிக்.

உயிருடன் உள்ளார்.

அம்பு தானாக நகர்ந்தது. சமர்ப்பித்தது. பதிவான நேரம், 3.12.

"அப்போ சரி," என்றது குரல். "இருக்கேன்."

நாற்காலி காலி.

மணி 3.13. கரண்ட் வந்தது. யூபிஎஸ் ஒரு தடவை கத்தி ஓய்ந்தது. எண்ணெய் பாட்டில் திறந்தே இருந்தது. மெஷின் கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய் மினுங்கியது.

மணி 5.10. கதவு கிரீச் என்றது. கீர்த்திகா எழுந்தே நின்றுவிட்டாள். வந்தது நாகராஜ். நனைந்து, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. பைக்குள் கருப்பையனின் அடையாள அட்டை.

"பெருசு போயிடுச்சுங்க. ராத்திரியே போயிருக்கும் போல. காலைல ஒம்பது மணிக்கு நான்தான் பாத்தேன். பதிய கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி உங்கள ஒரு வார்த்த கேக்கலாம்னு வந்தேன். கம்ப்யூட்டர்ல அது மார்ச்சுலயே செத்தாச்சாமே. செத்தவன எப்டிங்க மறுபடி சாவடிக்கிறது?"

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

கீர்த்திகா திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

"உயிருடன்... உள்ளார்." நிமிர்ந்தான். "எப்பங்க சரியாச்சு?"

"இன்னைக்கு," என்றாள்.

அன்றிரவே கடிதம் எழுதினாள். "இது என் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை சுந்தரமூர்த்தி கையில் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பதிவு நல்லாத்தானே இருக்கு. ஏம்மா இல்லாத தப்ப இழுத்து விடுற?" என்றவர், நேரத்தைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். "செவ்வாக்கெழம மூணு மணியா? அன்னைக்கு ரெண்டே காலுக்கு மேல சாயங்காலம் வரைக்கும் காரைக்கால்ல எந்தக் கடையிலயும் லைன் கெடையாதே. ஒரு பதிவு ஏறல. இது மட்டும் எப்டி ஏறுச்சு?"

வேலை போகவில்லை. ஆனால் அவள் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை.

இறந்தவரை இறந்தவர் என்று பதிய வேண்டுமே. அதையும் அவள் செய்து பார்த்தாள். பட்டியலைத் திறந்தாள். மூன்றாவது வரியைத் தேர்ந்தெடுத்தாள். கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது என்று.

டிக்... டிக்...

இரண்டு பல். மேலே.

மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் இரண்டு பல். அதோடு விட்டுவிட்டாள். மவுஸ் மாற்றியாகிவிட்டது. கம்ப்யூட்டரையே மாற்றியாகிவிட்டது. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிற இந்த நிமிடத்திலும் அந்தப் பதிவில் கருப்பையன் உயிருடன் உள்ளார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் உங்களிடம் ஒளித்து என்ன ஆகப் போகிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கீர்த்திகா கிளிஞ்சல்மேட்டுக்குப் போனாள். அந்த முப்பது ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஒற்றை அறை வீடு. சுவரில் ஒரு கண்ணாடி. அதற்கு நேர் எதிரே ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். அவள் அங்கே நின்றுகொண்டிருந்தபோது நாகராஜ் பக்கத்தில் வந்தான். யாரிடமாவது கேட்க வேண்டும் என்று அடக்கி வைத்திருந்தது போலக் கேட்டான்.

"அன்னைக்குக் குளிப்பாட்டுனது நான்தாங்க. மழையால லேட்டு. மூணேகால் மணி இருக்கும். சோப்புப் போட்டு எல்லாம் கழுவியாச்சு. கடைசில பாத்தா வலது கட்டவெரல்ல மட்டும் எண்ணெ. பளபளன்னு. அந்த வூட்டுல எண்ணெயே கெடையாதுங்க. மூணு தடவ தொடச்சேன்."

கொஞ்சம் நிறுத்தினான்.

"திரும்பத் திரும்ப ஊறுச்சு. அப்டியேதான் கொண்டு போனோம்."

கீர்த்திகா ஜெராக்ஸ் கட்டை அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அவள் இப்போதும் அந்தக் கடையில்தான் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கதவு உரசினாலும் உரசாவிட்டாலும் திரையிலிருந்து கண்ணை எடுத்து, "வாங்கய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறாள். சில செவ்வாயில் நாற்காலியில் யாரும் இருப்பதில்லை. சில செவ்வாயில்... அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எழுந்து போங்கள், கண்ணுகளா. விளக்கைப் போட்டுக்கொண்டே போங்கள். உங்கள் வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் எந்த ஏட்டிலும் இருக்கிறவர்களாகவே இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் செய்கிற தப்பை அன்றைக்கே சொல்லிவிடுகிற தைரியம் அவர்களுக்கு வரட்டும். உங்கள் வாசலுக்கு யார் வந்தாலும் நிமிர்ந்து பார்த்து "வாங்க" என்று சொல்ல ஓர் ஆள் அந்த வீட்டில் எப்போதும் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.